வளைவு காத்திருக்கும், ஒயரிங் காத்திருக்காது

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகக் கட்டடக் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள். புதுக் கருத்தரங்கக் கூடம், நுழைவாயில் வளைவு, நூலக மேல்தளம், விடுதிக் கழிவறை, வேதியியல் ஆய்வக ஒயரிங் என்று பட்டியல் நீள்கிறது, பணமோ கொஞ்சம். ஒவ்வொரு துறைத் தலைவரும் தன்னுடையதுதான் முதல் என்கிறார். எப்படி வரிசை போடுவது?
- பேராசிரியர், திருவாரூர் மாவட்டம்

பதில்: முதலில் யார் கேட்டார்கள் என்ற பத்தியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் சார், பாதிச் சண்டை அங்கேயே தீரும். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இந்த வருஷம் இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? ஆய்வக ஒயரிங் என்றால் தீப்பிடிக்கும், ஆள் போகும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த பகுதி இது, தீ என்றால் என்ன, வெளியேற வழி இல்லையென்றால் என்ன என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம். ஒயரிங், அவசர வழி, தீயணைப்பான் மூன்றையும் போட்டிக்கு வெளியே வைத்து முதல் பணத்தை அதற்கு ஒதுக்குங்கள்.

அடுத்தது நூலக மேல்தளம். ஒழுகும் தளத்தைப் பார்த்து 'வாளி வைத்துச் சமாளிக்கலாம்' என்று யாராவது சொல்வார்கள், விடாதீர்கள். கைப்பிடிச் சுவர் இடுக்கில் முளைத்த அரசங்கன்றும், இலை அடைத்த மழைநீர்க் குழாயும், தட்டோட்டு இணைப்பில் விட்ட விரிசலும் சேர்ந்து தண்ணீரை உள்ளே இறக்கும். அது கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கும், துரு கம்பியைவிட அதிக இடம் கேட்கும், அதனால் கான்கிரீட் அடிப்பக்கம் பெயர்ந்து விழும். நாகப்பட்டினம் பக்கம் போல உப்புக்காற்று அடிக்கும் இடத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். இன்று தட்டோடு மாற்றி முடிக்கிற வேலை, நாலைந்து மழை கழித்துத் தளத்தையே உடைக்கிற வேலையாகிவிடும். தள்ளிப்போட்டால் செலவு ஏறுமா, ஏறாதா என்பதுதான் உங்கள் இரண்டாவது அளவுகோல்.

கழிவறைக்கும் அதே அளவுகோல்தான், ஆனால் டைல்ஸோடு நிறுத்திவிடாதீர்கள். நம்முடைய களிமண் தண்ணீரை லேசில் உறிஞ்சாது, ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீரும் மேலே வந்துவிடும், செப்டிக் டேங்க் எதிர்த்துக்கொண்டு வரும். கழிவுநீர் எங்கே போகிறது என்று பார்க்காமல் மேலே பளபளவென்று பதித்து என்ன பயன்?

கருத்தரங்கக் கூடத்தை முடிவு செய்யும் முன் ஒரு வாரத்துக்கான வகுப்பு அட்டவணையை அறைவாரியாக வாங்கிப் பாருங்கள். மதியத்துக்கு மேல் எத்தனை அறை காலியாகக் கிடக்கிறது என்று தெரிந்தால், கூடம் கேட்டவரே கொஞ்சம் அமைதியாகிவிடுவார். அப்படியும் தேவை என்றால் கட்டுங்கள், ஆனால் அதன் மின்கட்டணம், துப்புரவு, பராமரிப்பு எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதையும் அதே கோப்பில் எழுத வையுங்கள். வளைவா? முன்னாள் மாணவர்கள் யாராவது ஆசைப்பட்டால் போட்டுத் தரட்டும்.

இன்னொன்று, பணம் அதற்கென்று ஒரு தலைப்போடுதான் வரும். மாநிலப் பல்கலைக்கழகம், கல்லூரிகளுக்கு நிதி தர ஒன்றிய அரசு 2013இல் கொண்டுவந்த ரூசா திட்டத்தில் புதுக் கட்டடத்துக்கு 35 விழுக்காடு, புதுப்பிப்புக்கு 35, கருவிகளுக்கு 30 என்று பிரித்திருந்தார்கள். ஆகவே புதுப்பிப்புப் பட்டியலும் மதிப்பீட்டோடு தயாராக இருக்கட்டும். இல்லையென்றால் மார்ச் 31 நெருங்கும்போது பெயிண்ட் அடித்துத்தான் கணக்கை முடிப்பீர்கள், தர மதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழு வரும் வருஷமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். மேல்தள வேலைக்கு மாசி முதல் ஆனி வரைதான் நல்ல காலம். டெண்டர் இழுத்தடித்து அக்டோபரில் தளத்தைக் கொத்திப்போட்டால் நூலகத்துக்குள் குடை பிடிக்க வேண்டியதுதான்.

கேள்வி: எங்கள் துறை இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. நான் சக்கர நாற்காலியில் வருகிறேன். கேட்டால் 'அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம்மா' என்கிறார்கள்.
- மாணவி, மயிலாடுதுறை

பதில்: பார்க்கலாம் என்பதற்கான காலம் முடிந்துவிட்டதம்மா. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 45ஆவது பிரிவு, ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களையும் விதிகள் வந்த ஐந்தாண்டுக்குள் அணுகத்தக்கதாக மாற்றச் சொல்கிறது, விதிகள் 2017இல் வந்தன. இதைக் குறிப்பிட்டுப் பதிவாளருக்கு எழுத்தில் கொடுங்கள், நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். லிஃப்ட் வரும்வரை உங்கள் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்ற வேண்டும் என்றும் அதிலேயே கேளுங்கள், அதற்கு ஒரு பைசா செலவில்லை, அட்டவணை போடுகிறவர் மனது வைத்தால் போதும். சாய்தளம் போட்டாலும் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது இருக்கிறதா என்று பாருங்கள், செங்குத்தாக ஒன்றைப் போட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய.

கேள்வி: எங்கள் கல்லூரிப் பழைய கட்டடத்தில் சுவரெல்லாம் வெடிப்பு. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதுதானே சரி?
- வாசகர், மன்னார்குடி

பதில்: வெடிப்பு எதனால் என்று தெரியாமல் இடிக்காதீர்கள். கோடையில் வயல் பாளம் பாளமாக வெடிக்கிறதே, அதே மண்தான் உங்கள் அஸ்திவாரத்துக்கு அடியிலும் இருக்கலாம், மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். அப்படியிருந்தால் அதே மண்ணில் அதே ஆழத்தில் புதிதாகக் கட்டினாலும் அதுவும் வெடிக்கும். மண் பரிசோதனை செய்யுங்கள். புதிதாகத்தான் கட்டவேண்டும் என்று வந்தால் அண்டர் ரீம்டு பைல், அதாவது அடிப்பக்கம் குமிழ்போல் அகன்று ஆழமாக இறங்கும் அஸ்திவாரத் தூண் பற்றிப் பொறியாளரிடம் கேளுங்கள். பழுதுபார்க்கலாம் என்றால் அதற்கான செலவையும் புதுக் கட்டடத்தின் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவராக இருந்தால் மேலே சிமெண்ட் பூசச் சம்மதிக்காதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரைத் தின்றுவிடும்.