ஒன்றியப் பள்ளி யாருடையது? கேள்வி பதில்

ஊராட்சி ஒன்றியத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளின் நிர்வாகம் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (பெற்றோர், விளாத்திகுளம் பக்கம்): பள்ளிக்கூடத்துல ஓடு உடைஞ்சு மழை ஒழுகுது. ஹெச்.எம்.கிட்ட சொன்னா "பி.டி.ஓ. ஆபீஸ்ல கேளுங்க"ங்கறார். வாத்தியார் பத்தலைன்னா "பி.இ.ஓ.வைப் பாருங்க"ங்கறார். இந்தப் பள்ளிக்கூடம் யாரோடதுதான் சார்?

பதில்: அவர் தட்டிக்கழிக்கவில்லை, உள்ளதைத்தான் சொல்கிறார். 1958 ஊராட்சிச் சட்டப்படி ஒன்றியங்கள் அமைந்தபோது கிராமத் தொடக்கப் பள்ளிகள் அவற்றின் பொறுப்புக்குப் போயின. 1981 ஜூன் 1 முதல் ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். ஆனால் கட்டடம் ஒன்றியத்திடமே தங்கிவிட்டது. அந்தப் பிளவு இன்றுவரை தொடர்கிறது.

ஆசிரியர் நியமனம், விடுப்பு, மாறுதல் எல்லாம் வட்டாரக் கல்வி அலுவலர் (பி.இ.ஓ.), அவருக்கு மேல் தொடக்கக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலர் வழியாகப் போகும். ஓடு, சுவர், கழிப்பறைக்கு வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.). ஒன்றிய அலுவலகத்தில் இந்தப் பதவியில் இருவர் இருப்பார்கள். பள்ளிக் கட்டடத்துக்கு 'வட்டார ஊராட்சி' என்று பலகை இருக்கும் அறைக்குப் போங்கள், 'கிராம ஊராட்சி' அறைக்கு அல்ல. பயிற்சியும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டப் பணமும் வட்டார வள மையம் வழியாக வரும். சத்துணவு சமூக நலத் துறையுடையது. ஒரே வளாகத்தில் இத்தனை துறைகள் இருந்தும், தலைமை ஆசிரியர் சொந்த அதிகாரத்தில் முடிவெடுக்கக்கூடியது மிகக் குறைவு.

உடைந்த கூரை ஓட்டுக்கு வழி: பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடுங்கள். எந்த அறை, எத்தனை சதுர அடி, எந்த வகுப்புப் பிள்ளைகள் உட்காருகிறார்கள் என்று எழுதி, புகைப்படம் சேர்த்து, ஒன்றியப் பொறியாளர் பார்வையிட வேண்டும் என்று கேளுங்கள். "பள்ளிக் கட்டடத்தைச் சீர்செய்து தர வேண்டும்" என்று மொட்டையாக எழுதினால் அது கோப்போடு கோப்பாகக் கிடக்கும். அதே தீர்மானத்தைக் கிராம சபையிலும் பதிவு செய்யுங்கள். ஆண்டுக்கு ஆறு கூட்டம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

கேள்வி (தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர்): போன வருஷம் 63 பேர், மூணு ஆசிரியர். இந்த வருஷம் 59. ஒருத்தர் போயிடுவாரா?

பதில்: போக வாய்ப்பு அதிகம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 1 முதல் 5 வரை 60 பிள்ளைகள் வரைக்கும் 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4. கணக்கெடுப்பது ஆகஸ்டு 1 நிலவரத்தை வைத்து. அன்று எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேடு) 59 என்றால் மூன்றாமவர் 'உபரி' ஆகி, பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போவார். செப்டம்பரில் நாலு பேர் சேர்ந்தாலும் அந்த ஆண்டுக்குப் பயன் இல்லை.

பலர் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. 20 பிள்ளை 12 ஆனால் ஆசிரியர் குறைவதில்லை. இரண்டு பேர் என்பது அடிமட்டம். ஆபத்தெல்லாம் 61, 91 போன்ற எல்லைக்கோட்டில் நிற்கும் பள்ளிக்குத்தான்.

ஜூலைக்குள் பார்க்க வேண்டியது, வகுப்பில் உட்கார்ந்திருந்தும் எமிஸில் ஏறாத பிள்ளைகள். பழைய பள்ளி அந்தப் பெயரைத் தன் பட்டியலிலிருந்து எமிஸின் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்காதவரை நீங்கள் சேர்க்க முடியாது. தனியார் பள்ளியில் கட்டண பாக்கி இருந்தால் இதுதான் இழுபடும். மாற்றுச் சான்றிதழ் தாமதம் என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று சட்டத்தின் 5ஆம் பிரிவே சொல்கிறது. ஆகவே பிள்ளையை உட்கார வைத்துவிட்டு, விடுவிப்புக்கான கோரிக்கையை எமிஸிலும் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத்திலும் கொடுங்கள். ஜூலை கடைசி வாரத்தில் கொடுத்தால் காலம் போதாது.

கேள்வி (ஈராசிரியர் பள்ளி, புதிதாகப் பொறுப்பேற்றவர்): ஐந்து வகுப்பு, இரண்டு பேர். யார் எதை எடுப்பது?

பதில்: அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2022-23இல் 1 முதல் 3ஆம் வகுப்புக்கு வந்தது, அடுத்த ஆண்டு 4, 5க்கும் விரிந்தது. அதன் அமைப்பே ஈராசிரியர் பள்ளிக்குப் பொருந்தும்: 1, 2, 3 ஒரு அறையில், 4, 5 இன்னொரு அறையில். முதல் அறையில் வகுப்புவாரியாக உட்கார வைக்காதீர்கள். அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (இடைநிலை), மலர் (மேல்நிலை) என்று கற்றல் நிலைவாரியாக உட்காரட்டும். அரும்புப் பிள்ளைகளோடு நீங்கள் தரையில் உட்கார்ந்து எழுத்து அட்டை வைத்து வேலை செய்யும் இருபது நிமிடமும் மலர்க் குழு பயிற்சி நூலில் எழுத வேண்டும், மொட்டுக் குழு இருவர் இருவராகச் சத்தமாகப் படிக்க வேண்டும். அந்த இரண்டு குழுவுக்கும் வேலையை முன்பே கரும்பலகையில் எழுதி வைக்காவிட்டால் ஐந்தாவது நிமிடத்தில் கூச்சல்தான்.

யார் எதை எடுப்பது என்பதில் வழக்கமாக நடக்கும் தவறு: தலைமை ஆசிரியர் 4, 5ஐ எடுத்துக்கொள்வார், "பெரிய பிள்ளைகள், தாங்களே எழுதிக்கொள்ளும்" என்று. பிறகு வருகைப் பதிவு, செயலி, தொலைபேசி, யாராவது பார்வைக்கு வருவது என்று காலை கரைந்துவிடும். பிள்ளைகள் பாடத்தைப் பார்த்து எழுதிக்கொண்டே இருப்பார்கள். 4ஆம் வகுப்பில் வகுத்தல் வராமல் போவது பெரும்பாலும் இப்படித்தான். தலைமை ஆசிரியர் எந்த அறையை எடுத்தாலும், காலை வருகைப் பதிவு தவிர மற்ற பதிவேற்றங்களை மாலை கடைசி அரை மணிக்குத் தள்ளுங்கள்.

வார நாளில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் பள்ளி ஓராசிரியர் பள்ளியாகிவிடும். ஆணை கையில் கிடைத்த அன்றே மாற்றுப் பணிக்கு ஆள் கேட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதுங்கள். பயிற்சி நாள் காலையில் கேட்டால் பெரிய பள்ளிகளிலிருந்து யாரையும் எடுக்க முடியாது.

கேள்வி (பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி): ஹெச்.எம். மேடம் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. எதைப் பாத்துப் போடணும்? எவ்வளவு பணம் வரும்?

பதில்: கேட்டது நல்லதம்மா. சட்டப்படி குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். உங்கள் கையெழுத்து இல்லாமல் பள்ளி மானியப் பணம் நகராது.

ஆண்டுப் பள்ளி மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட விதிப்படி 30 பேர் வரை 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000. ஆக 30க்கும் 31க்கும் இடையே ஒரே ஒரு பிள்ளை, 15,000 ரூபாய். இதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைக்குச் செலவாக வேண்டும். உங்கள் பள்ளிக்கு 25,000 என்றால் 2,500 ரூபாய் கழிப்பறை, கைகழுவும் இடம், சோப்பு வகையில் காட்ட வேண்டும்.

மானியத்துக்கான வங்கிக் கணக்கு இருப்பே இல்லாத கணக்கு. செலவு வரம்பு மட்டும் ஒதுக்குவார்கள். மார்ச்சுக்குள் செலவழிக்காவிட்டால் வரம்பு போய்விடும். அதனால் கடைசி வாரத்தில் அவசரமாக எதையாவது வாங்கிக் குவிப்பது நடக்கிறது. வரிசை இதுதான்: குழுத் தீர்மானம், விலைப்புள்ளி, பொருள் வாங்குவது, பள்ளிப் பெயரில் ரசீது, இருப்புப் பதிவேட்டில் ஏற்றுவது, பிறகு வங்கிக்கான பணப்பட்டுவாடா ஆணையில் இருவர் கையெழுத்து. ரசீதுத் தேதி தீர்மானத் தேதிக்கு முந்தியிருந்தால் தணிக்கையில் மாட்டும். தீர்மானப் புத்தகத்தில் இடம் விட்டுக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். வாங்கியதாகச் சொல்லும் வாளியையும் மின்விசிறியையும் கண்ணால் பார்த்துவிட்டுப் போடுங்கள். அதைக் கேட்பது மேடத்தை அவமதிப்பது ஆகாது.

விதிப்படி வர வேண்டிய தொகை எல்லா ஆண்டும் முழுதாக வந்துவிடாது. 2024-25இல் இந்தத் திட்டத்துக்கான ஒன்றிய (மத்திய) அரசின் பங்கு சுமார் 2,152 கோடி ரூபாய், பி.எம்.ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்தில் சேரும் ஒப்பந்தப் பிரச்சினையில் நின்றது. மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போனது. அந்த மாதிரி நேரத்தில் இதுபோன்ற சில்லறைச் செலவுகள்தான் முதலில் அடிபடும்.

கேள்வி: காலை உணவும் சத்துணவும் ஒரே சமையல்கூடம். சாவி யார்கிட்ட இருக்கணும்?

பதில்: சத்துணவுக்கு அமைப்பாளர் பொறுப்பு, காலை உணவுக்குச் சுயஉதவிக் குழுப் பெண்கள். சண்டை வருவது எரிவாயு உருளையிலும் எண்ணெயிலும்தான். இரண்டுக்கும் தனி இருப்பறை, அது இல்லையென்றால் பூட்டுள்ள தனி அலமாரி, தனிப் பதிவேடு வையுங்கள். வெளிச்சாவி இருவரிடமும் ஒவ்வொன்று. அளவு சரிபார்ப்பது எளிது: மதியம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, காலையில் 50 கிராம் அரிசி அல்லது ரவை, 15 கிராம் பருப்பு. 40 பேர் சாப்பிட்டால் மதியம் 4 கிலோ. பதிவேட்டில் 4 கிலோ, வருகைப் பதிவில் 31 பேர் என்றால் கேள்வி வரும்.

கேள்வி (முன்னாள் மாணவர், வெளியூர்): எங்க ஊர்ப் பள்ளி நல்லா நடக்குதான்னு எந்தப் புள்ளிவிவரத்தைப் பார்த்துத் தெரிஞ்சுக்கலாம்? ஏசர் அறிக்கை போதுமா?

பதில்: போதாது. ஏசர் என்பது பிள்ளைகளுக்குப் படிக்கவும் கணக்குப் போடவும் தெரிகிறதா என்று கிராமப்புற வீடுகளில் எடுக்கும் ஆய்வு, மாவட்டத்துக்கு 30 கிராமம், கிராமத்துக்கு 20 வீடு. அரசுப் பள்ளிப் பிள்ளையும் தனியார் பள்ளிப் பிள்ளையும் அதில் உண்டு; உங்கள் பள்ளியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. 2024 டிசம்பரில் 3, 6, 9ஆம் வகுப்புகளுக்கு நடந்த தேசிய ஆய்வும் மாதிரிப் பள்ளிகளில்தான். சதவீதத்தையும் நம்பாதீர்கள். வகுப்பில் எட்டுப் பேர் என்றால் ஒரு பிள்ளை 12.5 சதவீதம். ஒரு குடும்பம் செங்கல் சூளைக்குப் போய்விட்டாலே பள்ளி 'பின்தங்கி'விடும்.

செயலியில் ஏற்றும் நிலைக் கணக்கும் அப்படியே. இணையம் கிடைக்கும் பத்து நிமிடத்தில் ஏற்றி முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் வகுப்பு முழுவதும் ஒரே நிலையாகப் பதிவாவது உண்டு. ஒரு பள்ளியில் அரும்பு நிலையில் ஒருவருமே இல்லை என்று வந்தால் மகிழ்வதற்கு முன் நேரில் போய்ப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பயனுள்ள வழி, ஏசரின் கருவியை மட்டும் கடன் வாங்குவது. ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து எழுத்து, சொல், பத்தி, கதை என்று படிக்கச் சொல்லுங்கள். பிறகு கடன் வாங்கிக் கழித்தல், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுத்தல். ஒரு பிள்ளைக்கு ஐந்தாறு நிமிடம். 40 பேருக்கு ஒரு நாள். ஜூலையில் ஒரு முறை, பிப்ரவரியில் ஒரு முறை, பெயர்வாரியாக எழுதுங்கள். பள்ளி நடக்கிறதா என்பது 'சொல்' நிலையில் இருந்த பிள்ளை 'பத்தி'க்கு நகர்ந்ததா என்பதில் தெரியும். அன்றைக்கு வராத பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள், பின்தங்கியவர்கள் அங்கேதான் இருப்பார்கள். தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டுச் செய்யுங்கள். சோதனைக்கு வந்தவர் போல நுழைந்தால் அடுத்த முறை வாசலோடு சரி.

கேள்வி: எங்க ஒன்றியத்திலேயே முப்பது வருஷம் இருந்த ஆசிரியர்கள் இப்ப பதவி உயர்வுன்னு எங்கயோ போறாங்களே?

பதில்: முன்பு முன்னுரிமைப் பட்டியல் ஒன்றிய அளவில் இருந்தது. 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243 அதை மாநில அளவுக்கு மாற்றியது. ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்துப் போராடியதும் இதற்காகத்தான். எட்டாத ஊர்களின் காலியிடம் நிரம்பும் என்பது அரசுத் தரப்பு வாதம். உள்ளூரைத் தெரிந்த தலைமை ஆசிரியர் கிடைப்பது குறையும் என்பது என் கணிப்பு.

கேள்வி (பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்): வீடு வீடாப் போய்க் கூப்பிட்டும் ஒண்ணாம் வகுப்புல மூணு பேர்தான். என்ன தப்பு?

பதில்: காலம் தப்பு. ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து வயது நிரம்ப வேண்டும். தனியார் பள்ளி மூன்று வயதில் எல்.கே.ஜி.க்கு எடுத்துக்கொள்கிறது, கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இலவச இடமும் அங்கே அந்த வயதில்தான் தொடங்குகிறது. நீங்கள் மே மாதம் கதவைத் தட்டும்போது அந்தப் பிள்ளை இரண்டு ஆண்டு அந்தப் பள்ளி வேனில் போய் வந்துவிட்டது. நடுநிலைப் பள்ளி வளாக அங்கன்வாடிகள் 2,381இல் 2019 ஜனவரியில் மழலையர் வகுப்பு தொடங்கியது இதற்காகத்தான். அது உங்கள் ஊரில் இல்லையென்றால் அங்கன்வாடிதான் வழி. ஜனவரியில் பணியாளரிடம் நாலு வயதுப் பிள்ளைகளின் பட்டியலை வாங்குங்கள். வாரம் ஒரு நாள் அந்தப் பிள்ளைகளையும் தாய்மாரையும் பள்ளிக்கு வரச் சொல்லுங்கள். அண்மை ஆண்டுகளில் சேர்க்கை மார்ச் 1 முதலே நடக்கிறது. அன்றே பத்துப் பெயர் ஏறியிருந்தால் மற்ற வீடுகளும் யோசிக்கும்.

மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு, புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் என்ற உயர்கல்வி உதவித்தொகைத் திட்டங்கள் பற்றிச் சொல்லிக் கூப்பிடுவது ஒன்றாம் வகுப்பில் எடுபடாது. அவற்றுக்கு 6ஆம் வகுப்பிலிருந்துதான் அரசுப் பள்ளி தேவை என்று பெற்றோருக்குத் தெரியும். அந்தப் பேச்சை 5ஆம் வகுப்பு முடிக்கும் தனியார் பள்ளிப் பிள்ளைகளின் வீட்டில் பேசுங்கள். அது நடுநிலைப் பள்ளிக்குக் கைகொடுக்கும்.