எல்லாம் நன்மைக்கே என்ற வாத்தியார்: 'கான்டீட்' கேள்வி பதில்

போன வாரமே சொன்னபடி, இந்த முறை பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரின் 'கான்டீட்' கதைப் பாத்திரங்கள் மட்டும். கதை தெரியாதவர்களுக்காக நான்கு வரி. வெஸ்ட்பாலியாவில் ஒரு பிரபுவின் கோட்டையில் வளரும் அப்பாவிப் பையன் கான்டீட். நடப்பதெல்லாம் நன்மைக்கே என்று அவனுக்குப் பாடம் எடுப்பவர் பாங்லாஸ். பிரபுவின் மகள் குனெகோந்தை முத்தமிட்டதற்காகப் பையனை உதைத்துத் துரத்துகிறார்கள். போர், நிலநடுக்கம், கசையடி, கப்பல் என்று பாதி உலகம் சுற்றிவிட்டு, கான்ஸ்டான்டினோபிள் பக்கம் ஒரு சிறு பண்ணையில் வந்து ஒதுங்குகிறான். 1759-இல் வெளிவந்தது. 30 குட்டி அத்தியாயங்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். சுருக்கம் படித்துவிட்டு வந்தால் கண்டுபிடித்துவிடுவேன்.

செந்தில்: பாங்லாஸ் என்பது லைப்னிட்ஸ்தானே டீச்சர்?

பாதி சரி. கடவுளுக்கு முன் எண்ணற்ற உலகங்கள் சாத்தியமாக இருந்தன, அவற்றில் சிறந்ததையே அவர் படைத்தார் என்பது ஜெர்மன் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் 1710-இல் வைத்த வாதம். துன்பமே கிடையாது என்று அவர் சொல்லவில்லை. ஒரு துன்பத்தை எடுத்தால் அதைவிடப் பெரிய நன்மை ஒன்றும் கூடவே போய்விடும் என்றார். பாங்லாஸுக்குக் கணக்கு தெரியாது, விடை மட்டும் மனப்பாடம். மூக்கு இருப்பதே கண்ணாடி மாட்டத்தான், அதனால்தான் கண்ணாடி போடுகிறோம் என்பார். (நாமும் 'மூக்குக்கண்ணாடி' என்று பெயர் வைத்து அவருக்கு உதவியிருக்கிறோம்.) லைப்னிட்ஸ் 1716-இலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அடி விழுவது அவர் விடையை ஒப்பித்துப் பிழைத்த வாத்தியார் கூட்டத்துக்கு. பெயரைப் பாருங்கள்: கிரேக்கத்தில் 'பான்' என்றால் எல்லாம், 'குளோசா' என்றால் நாக்கு.

மலர்: நல்லவர் ஜாக்கை வால்டேர் ஏன் இவ்வளவு சீக்கிரம் கொன்றுவிட்டார்?

என் வகுப்பில் பிள்ளைகள் தவறாமல் கோபப்படும் இடம். ஹாலந்தில் கான்டீட் பசியோடு திரிந்தபோது சோறு போட்டவர் ஜாக். நோயில் அழுகிக்கொண்டிருந்த பாங்லாஸுக்கு வைத்தியச் செலவைக் கொடுத்து, கணக்கெழுதும் வேலையும் கொடுத்தவர். கடவுள் மனிதனுக்குப் பீரங்கியா கொடுத்தார், நாமே செய்துகொண்டு ஒருவரை ஒருவர் அழிக்கிறோம் என்று வாத்தியாரிடம் வாதாடுபவரும் அவர்தான். தனி மனிதத் துன்பங்கள் சேர்ந்துதான் பொது நன்மை ஆகிறது, ஆகவே துன்பம் கூடக்கூட நல்லது என்று பாங்லாஸ் பதில் சொல்லும்போதே வானம் இருட்டுகிறது.

லிஸ்பன் துறைமுகம் கண்ணில் படும்போது புயல். ஒரு மாலுமி ஜாக்கை அடிக்கிறான், அடித்த வேகத்தில் தானே தடுமாறி உடைந்த பாய்மரத்தில் தொங்குகிறான். ஜாக் ஓடிப்போய் அவனைத் தூக்கிவிடுகிறார். தூக்கியவர் கடலில் விழ, மாலுமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குதிக்கப் போன கான்டீடைத் தடுத்து, இந்த மனிதர் மூழ்குவதற்கென்றே லிஸ்பன் விரிகுடா உண்டானது என்று பாங்லாஸ் நிரூபிக்கிறார். கரை சேர்ந்தவர்கள் மூன்றே பேர்: அவர், கான்டீட், அந்த மாலுமி.

கரையில் கால் வைத்ததும் பூமி ஆடுகிறது. அது 1755 நவம்பர் 1-இல் நிஜமாகவே நடந்த லிஸ்பன் நிலநடுக்கம். புனிதர் அனைவர் திருநாள், ஜனம் கோயில்களில் கூடியிருந்த நேரம். வால்டேர் முதலில் அதைப் பற்றி ஒரு நீண்ட துயரக் கவிதை எழுதினார். கதையில் அழவில்லை, சிரித்தார். எனக்கு இந்தச் சிரிப்புதான் அதிகம் வலிக்கிறது.

குமரேசன்: கப்பல் தளத்தில் வைத்துச் சுடப்படும் இங்கிலாந்துத் தளபதி கற்பனைதானே?

இல்லை. அட்மிரல் பிங், 1757 மார்ச் 14, போர்ட்ஸ்மத். மினோர்காத் தீவு கைவிட்டுப் போனதற்கு அவர் உயிரை வாங்கினார்கள். கதையில் கான்டீடுக்குச் சொல்லப்படும் காரணம்: மற்றவர்களுக்கு ஊக்கம் வரட்டும் என்று அவ்வப்போது ஒரு அட்மிரலைக் கொல்வது அந்த நாட்டில் நல்லதாம். வால்டேர் அவரைக் காப்பாற்றக் கடிதம் எழுதிப் பார்த்தவர் என்பதை மனதில் வைத்து அந்த வரியைப் படியுங்கள்.

அருள்: பாங்லாஸ் யாரைக் குறிக்கிறார்? லைப்னிட்ஸா?

செந்திலுக்குச் சொன்னதைப் பாருங்கள்.

ராஜி: அந்தக் கிழவி?

குனெகோந்துக்குத் துணையாக வரும் வேலைக்காரி. போப்பின் மகளாகப் பிறந்து, பஞ்சத்தில் அடைபட்ட சிப்பாய்களுக்குப் பிட்டத்தில் ஒரு பக்கத்தை இரையாகக் கொடுத்தவள். நூறு முறை சாக நினைத்தும் உயிர்மேல் ஆசை விடவில்லை என்கிறாள். கப்பலில் இருப்பவர்களிடம் கதை கேள், தன் பிறப்பை ஒரு நாளும் சபிக்காதவன் ஒருவன் இருந்தால் என்னைத் தலைகீழாகக் கடலில் போடு என்று பந்தயம் கட்டுகிறாள். யாரும் அவளைக் கடலில் போடவில்லை.

தீபன்: "உன் கருத்தை ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்" என்ற வரி எந்த அத்தியாயம்?

எந்த அத்தியாயத்திலும் இல்லை தம்பி. வால்டேர் எழுதியதே அல்ல, 1906-இல் எவலின் பியாட்ரிஸ் ஹால் எழுதியது. போகட்டும், 19-ஆம் அத்தியாயம் படித்தாயா?

அதைப் படிக்காமல் இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசவே கூடாது. டச்சுக்காரர் வசமிருந்த சுரினாமில் ஒரு கறுப்பு அடிமை தரையில் கிடக்கிறான். இடது காலும் வலது கையும் இல்லை. ஆலையில் விரல் சிக்கினால் கையை வெட்டுவார்கள், தப்பி ஓடினால் காலை வெட்டுவார்கள், எனக்கு இரண்டும் நடந்தது, இந்த விலையில்தான் ஐரோப்பாவில் நீங்கள் சர்க்கரை சாப்பிடுகிறீர்கள் என்கிறான். குரலை உயர்த்தவில்லை. கான்டீட் முதன்முறையாக வாத்தியாரைக் கைவிடுவது இங்கேதான். கெட்டுக் கிடக்கும்போது எல்லாம் நலம் என்று சாதிக்கும் பைத்தியம்தான் அந்தத் தத்துவம் என்கிறான். அச்சுக்கு முந்தைய கைப்பிரதி ஒன்றில் இந்தக் காட்சி இல்லை, பிறகு சேர்த்தார்.

ஒன்றைக் கவனியுங்கள். பொன்னும் மணியும் மண்ணாய்க் கிடக்கும் கற்பனை நாடான எல் டொராடோவிலிருந்து ஆடுகளில் ஏற்றிவந்த வைரச் சுமை அப்போது கான்டீடிடம் இருக்கிறது. அழுதுகொண்டே ஊருக்குள் போகிறான். அடிமை அங்கேயே கிடக்கிறான்.

கலை: லைப்னிட்ஸைத்தானே...

மேலே!

வண்ணமதி: "நம் தோட்டத்தில் பாடுபட வேண்டும்" என்று முடிப்பது சுயநலம் இல்லையா? ஊர் எக்கேடு கெட்டால் என்ன என்பதுபோல?

அது பூங்கா இல்லை, காய்கறித் தோட்டம். விளைந்ததைச் சுமந்துபோய் விற்று அலுத்துப்போன கான்டீடின் வேலைக்காரன் ககாம்போ தன் விதியை நொந்துகொள்கிறான். எழுதியவரும் தோட்டத்தோடு நிற்கவில்லை. 1762-இல் பிரான்சின் துலூசில் அநியாயத் தீர்ப்பால் கொல்லப்பட்ட ழான் கலாஸுக்காக மூன்று வருடம் போராடி, அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வரவைத்தார். 'நம்' என்ற சொல்லையும் பாருங்கள், எல்லாரையும் உள்ளே சேர்க்கிறது.

நாஞ்சிலான்: மன்னிக்கணும் டீச்சர். பிரெஞ்சில் 'நோத்ர்' ஒன்றுதான். தமிழில் 'நம்', 'எங்கள்' என்று இரண்டு உண்டு. கான்டீட் அதைச் சொல்வது பாங்லாஸிடம். அவர் அங்கே ஒரு துரும்பையும் கிள்ளிப் போடவில்லை. 'எங்கள் தோட்டம்' என்பதுதான் சரி.

நிமிர்ந்து உட்கார வைத்துவிட்டீர்கள். புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். குனெகோந்து பலகாரம் செய்கிறாள், பாக்கெத் பூவேலை செய்கிறாள், கிழவிக்குத் துணிமணிப் பொறுப்பு, சாமியார் ஜிரோஃப்ளே தச்சனாகி யோக்கியனும் ஆகிவிடுகிறார். பாங்லாஸுக்கு வேலை என்று எதுவும் சொல்லப்படவில்லை. பேசுகிறார். ஆனாலும் அந்தச் சிறு கூட்டம் முழுவதும் இதில் இறங்கியது என்றும் எழுதியிருக்கிறது. துடுப்படிமையாகக் கிடந்த வாத்தியாரை வைரம் விற்று மீட்ட பையன், அவரை ஒரு சொல்லால் வெளியே தள்ளுவானா?

செந்தில்: "தோட்டத்தில் வேலை கிடக்கிறது" என்று போட்டால் சண்டையே இல்லையே?

அது நழுவல்.

நாஞ்சிலான்: அந்த வாக்கியம் இரண்டு முறை வருகிறது. முதலில் 'நம்', கடைசியில் 'எங்கள்' என்று போடலாமே.

கடைசி முறை பாங்லாஸ் சொல்வது இது: நீ உதை வாங்காமல், கசையடி படாமல், ஆடுகளை இழக்காமல் இருந்திருந்தால், இங்கே உட்கார்ந்து பாகில் ஊறிய நார்த்தம்பழமும் பிஸ்தாவும் தின்றுகொண்டிருப்பாயா? நன்றாகச் சொன்னீர்கள், ஆனால்... என்று பையன் தொடங்குகிறான். அந்த 'ஆனால்' உங்கள் பக்கம்தான் சாய்கிறது. 30 வருடம் கரும்பலகையில் 'நம்' என்று எழுதிப்போட்டவள் நான், ஒரே ராத்திரியில் அழிக்க மாட்டேன். பென்சிலால் ஓரத்தில் குறித்திருக்கிறேன்.

வண்ணமதி: அந்தப் பாகுக்குச் சர்க்கரை எங்கிருந்து வந்தது டீச்சர்?

அவர்களுக்குத் தோட்ட யோசனை கொடுத்த துருக்கிக் கிழவர் வீட்டில் தந்த காப்பி ஏமனின் மோகாவிலிருந்து வந்தது, தீவுகளின் மட்டமான காப்பி கலக்காதது என்று வால்டேர் மெனக்கெட்டு எழுதியிருக்கிறார். சர்க்கரை பற்றி ஒரு சொல் இல்லை.