‘ஓப்பா’ என்றால் அண்ணனா, காதலனா?

கேள்வி: பணி ஓய்வு பெற்று ஓராண்டாகிறது. மாலை வேளைகளில் நானும் என் கணவரும் மட்டுமே வீட்டில் இருக்கிறோம். நம் நெடுந்தொடர்களில் நடக்கும் சண்டைகள் எனக்குச் சலித்துவிட்டன. கொரியக் காதல் தொடர்களைப் பார்க்கும்படி மகள் சொல்கிறாள். நெட்ஃபிளிக்ஸைத் திறந்தால் வரிசை வரிசையாக வந்து நிற்கின்றன. எதில் தொடங்குவது?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இவற்றில் உங்களுக்கு முதல் ஆறுதல், கதை முடிந்துவிடும் என்பதுதான். கொரியக் காதல் தொடர்களில் பெரும்பாலானவை 16 பகுதிகளோடு நிறைவு பெறுகின்றன. அந்நாட்டுத் தொலைக்காட்சிகளில் வாரத்துக்கு இரண்டு பகுதிகள் வீதம், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரமோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ ஒளிபரப்பாவதால், எட்டு வாரங்களில் கதாநாயகனும் நாயகியும் ஒரு முடிவுக்கு வந்தே ஆக வேண்டும். (நூறு பகுதிகளைத் தாண்டி ஓடும் அன்றாடத் தொடர்கள் அங்கும் உண்டு, அவற்றில் கொடுமைக்கார மாமியார்களும் உண்டு. உங்கள் மகள் சொல்வது அவற்றையல்ல என்று நம்புகிறேன்.)

தொடங்குவதற்கு ‘கிராஷ் லேண்டிங் ஆன் யூ’ என்ற தொடரையே பரிந்துரைப்பேன். 2019 டிசம்பரில் ‘டிவிஎன்’ அலைவரிசையில் தொடங்கி 2020 பிப்ரவரியில் முடிந்தது. பாராகிளைடரில் பறக்கும் தென்கொரியப் பணக்காரப் பெண் ஒருத்தி, சூறாவளியில் சிக்கி எல்லைக்கு அப்பால் வடகொரியப் பக்கத்தில் விழுந்துவிட, அவளைக் கண்டுபிடிக்கும் இராணுவ அதிகாரியே அவளை மறைத்து வைத்துக் காப்பாற்ற நேர்கிறது. கேட்கும்போது நம்ப முடியாத கதையாகத்தான் தோன்றும். ஆனால் அந்த வடகொரியக் கிராமத்துப் பெண்கள் ஒன்றுகூடிக் காய்கறியை ஊறுகாய் போடுவதையும், மின்சாரம் நின்று போகும் இரவுகளையும், புதிதாக வந்தவளை அவர்கள் வேவு பார்ப்பதையும் கண்டுவிட்டால், சூறாவளியை நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். நாயகனாக நடித்த ஹ்யூன் பின்னும் நாயகியாக நடித்த சொன் யே-ஜினும் 2022-இல் உண்மையிலேயே மணம் புரிந்துகொண்டார்கள் என்பது இளைய வாசகர்கள் எனக்கு அடிக்கடி நினைவூட்டும் செய்தி.

காதலைவிடக் குடும்பமும் தெருவும் உங்களுக்கு நெருக்கமானவை என்றால் ‘ரிப்ளை 1988’ இருக்கிறது. சியோல் ஒலிம்பிக் நடந்த ஆண்டில், அந்நகரின் சங்முன்-தோங் பகுதியில் ஒரே சந்தில் வாழும் ஐந்து குடும்பங்களின் கதை. ஒரு வீட்டில் சமைத்ததை எதிர்வீட்டுக்குக் கொடுத்தனுப்ப, அந்தப் பாத்திரம் வெறுமையாகத் திரும்பக் கூடாதென்று அங்கிருந்து வேறொன்று வர, கடைசியில் பிள்ளைகள் சாப்பிட முடியாமல் தட்டுகளோடு ஓடிக்கொண்டே இருக்கும் முதல் பகுதிக் காட்சியை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நாயகியின் வருங்காலக் கணவர் யார் என்ற புதிர் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் 20 பகுதிகளும் நீளமானவை, பொறுமை வேண்டும்.

2009-இல் வெளிவந்த ‘பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்’ புகழ் பெற்றதுதான் என்றாலும், ஏழைப் பெண்ணைத் துன்புறுத்தும் பணக்கார மாணவனே அவளுடைய காதலனாவதை இன்று பார்க்கையில் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. அதை மகளிடமே விட்டுவிடுங்கள்.

கேள்வி: எந்தத் தொடரைப் பார்த்தாலும் நாயகனும் நாயகியும் ஒரே கடையின் சாண்ட்விச்சைச் சாப்பிடுகிறார்களே, ஏன்?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: விளம்பரம்தான். நிகழ்ச்சிக்குள்ளேயே பொருளைக் காட்டிப் பணம் பெறும் முறையைத் தென்கொரியா 2010-இல் சட்டப்படி அனுமதித்தது. ‘டிசென்டன்ட்ஸ் ஆஃப் த சன்’, ‘காப்ளின்’ இரண்டிலும் சப்வே கடை வந்து போவதைக் காணலாம். கதாநாயகி அழுதுகொண்டே உதட்டுச்சாயம் பூசினாலும் காரணம் இதுதான்.

கேள்வி: நாயகி தன் காதலனை ‘ஓப்பா’ என்கிறாள். அதற்கு ‘அண்ணன்’ என்று பொருள் என்று பேத்தி சொல்கிறாள். இது என்ன முறை? மேலும், தமிழ்க் குரலில் பார்ப்பது நல்லதா, கொரிய மொழியிலேயே வசன வரிகளோடு பார்ப்பது நல்லதா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான் என்பதால் சேர்த்தே சொல்கிறேன். ‘ஓப்பா’ என்பது ஒரு பெண் தன் அண்ணனை அழைக்கும் சொல். தன்னைவிட மூத்த நெருங்கிய நண்பனையும், காதலனையும், கணவனையும்கூட அவள் அப்படியே அழைப்பாள். நம்மில் ‘மாமா’ என்ற சொல் தாய்மாமனுக்கும் உரியதாய், கட்டிக்கொண்டவனுக்கும் உரியதாய் இருப்பதை நினைத்துப் பார்த்தால் திகைப்பு தீர்ந்துவிடும். வசன வரியில் அதை ‘அண்ணா’ என்று எழுதினால் காதல் காட்சி கெட்டது. ஆங்கிலத்தில் செய்வதுபோல் வெறுமனே ஆளின் பெயரைப் போட்டாலோ, நேற்றுவரை பெயரோடு ‘ஷி’ என்ற மரியாதை ஒட்டைச் சேர்த்து அழைத்தவள் இன்று முதன்முதலாக ‘ஓப்பா’ என்றாள் என்பதே பார்ப்பவருக்குத் தெரியாமல் போகும்.

அதேபோல் மூத்தவளை இளையவன் ‘நூனா’ என்பான். 2018-இல் வந்த ‘சம்திங் இன் த ரெயின்’ தொடரில் முப்பதுகளின் நடுவில் இருக்கும் நாயகி, தன் உயிர்த்தோழியின் தம்பியைக் காதலிக்கிறாள். அதன் கொரியத் தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘அடிக்கடி சாப்பாடு வாங்கித் தரும் அழகான அக்கா’ என்று வரும். கதையின் சிக்கல் முழுவதும் அந்த ‘அக்கா’வில் இருக்க, ஆங்கிலத் தலைப்பில் மழை மட்டுமே மிஞ்சியிருக்கிறது. (பிற்பாதியில் நாயகியின் தாய் கதையை இழுத்துக்கொண்டே போகிறார் என்பதையும் எச்சரித்துவிடுகிறேன்.)

வினைச்சொல்லின் முடிவையும் கவனியுங்கள். பேச்சு ‘யோ’ என்று முடிந்தால் மரியாதை. அது உதிர்ந்தால் ‘பன்மல்’ எனப்படும் ஒருமைப் பேச்சு. நாம் ‘நீங்கள்’ என்பதிலிருந்து ‘நீ’ என்பதற்கு இறங்குவதைப் போன்றதுதான். ஆனால் அங்கே வயதில் மூத்தவரைக் கேட்டு, ஒப்புதல் பெற்று மாறுவது வழக்கம் என்பதால், ‘இனி மரியாதையை விட்டுப் பேசலாமா’ என்ற கேள்வியே ஒரு காதல் காட்சியாகிவிடுகிறது. ஆங்கில வசன வரிக்கு இரண்டுக்கும் ஒரே சொல்தான் உண்டு.

ஆகவே, கண் ஒத்துழைத்தால் கொரியக் குரலிலேயே பாருங்கள். எழுத்தைத் துரத்திப் படிப்பது சிரமமென்றால், தமிழ்க் குரல் உள்ள தொடரைத் தேர்ந்தெடுத்து, அதில் ‘நீங்கள்’ எந்தப் பகுதியில் ‘நீ’ ஆகிறது என்று பேத்தியோடு பந்தயம் கட்டிக்கொள்ளுங்கள்.