எப்போது விடுவது? – கடிதமும் பதிலும்

அன்பின் அண்ணாவுக்கு,

பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த பயத்லான் போட்டியின் நோர்வே வீரர் ஒலே ஐனர் பியோர்ண்டாலன் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்களுக்குப் பனி என்றால் ஜனவரியில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிட்டுப் போகும் பனிதான். அதனால் சறுக்குக்கட்டையும் துப்பாக்கியும் புதினமாகவே இருந்தன. ஆனால் ஒன்று உறுத்துகிறது. 2014இல், 40 வயதில் ஒலிம்பிக் தங்கம் எடுத்தவர் அதோடு நின்றிருக்கலாமே? 2018 ஒலிம்பிக்குக்கு அணியிலேயே எடுக்கவில்லை. இருந்த பேரையும் கெடுத்துக்கொண்டார் அல்லவா? நானும் பாடசாலையில் 1500 மீட்டர் ஓடியவன். 22 வயதில் விட்டேன். இப்போது கொழும்பில் கடை வேலை. நேரம் பார்த்து விடுவதும் திறமைதானே?

(பெயர் வேண்டாம்) தலவாக்கலை

அன்பின் தம்பிக்கு,

நீங்கள் கேட்டது சரியான கேள்விதான். ஆனால் அவர் எப்படி வென்றார் என்று பார்க்காமல் எப்போது விட்டிருக்க வேண்டும் என்று பேச முடியாது.

பயத்லானில் முதுகில் துப்பாக்கியோடு பனியில் மூச்சு முட்டச் சறுக்கி வந்து, சட்டென்று நின்று, 50 மீட்டர் தூரத்தில் ஐந்து குறிகளைச் சுட வேண்டும். படுத்துச் சுடும்போது குறி 45 மில்லிமீட்டர், ஒரு தேசிக்காய் அளவு. நின்று சுடும்போது கையகல ரொட்டி அளவு. நெஞ்சு திமுதிமுவென்று அடிக்கும்போது துப்பாக்கி முனையும் சேர்ந்து ஆடும். நுவரெலியா ஏற்றத்தில் ஓடி வந்து நின்ற கையோடு ஊசியில் நூல் கோர்த்துப் பாருங்கள், விளங்கும். ஸ்பிரின்ட் எனும் குறுந்தூரப் போட்டியில் ஒரு குறி தவறினால் 150 மீட்டர் வட்டம் ஒன்றைக் கூடுதலாகச் சுற்ற வேண்டும். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போடுவார்களே, அப்படி. ஆனால் இங்கே கணக்கு அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

2014இல் ரஷ்யாவின் சோச்சி ஒலிம்பிக்கில், 10 கிலோமீட்டர் ஸ்பிரின்டில், பியோர்ண்டாலன் ஒரு குறி தவறவிட்டார். இரண்டாவதாக வந்த ஆஸ்திரியாவின் டொமினிக் லாண்டர்டிங்கர் ஒன்றும் தவறவிடவில்லை. அப்படியும் வட்டத்தைச் சுற்றிவிட்டு வந்து 1.3 வினாடியில் ஜெயித்தார் பியோர்ண்டாலன். தவறே விடாத ஆள் இல்லை அவர். தவறியதை அந்த வட்டத்திலேயே போட்டுவிட்டு வருகிற ஆள்.

1998இல் ஜப்பானின் நகானோ ஒலிம்பிக்கிலும் பாருங்கள். அவர் முன்னணியில் இருந்தபோது மூடுபனியும் பனிப்பொழிவும் வந்து போட்டியை நிறுத்திவிட்டார்கள். நமக்கென்றால் வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி மாய ஒரு கதை கிடைத்திருக்கும். அவர் மறுநாள் வந்து ஒரு நிமிடத்துக்கு மேல் வித்தியாசத்தில் வென்றார். 2002 சால்ட் லேக் சிட்டியில் ஆண்களுக்கு இருந்த நான்கு போட்டிகளிலும் தங்கம். அதற்கு அடுத்த 2006 ஒலிம்பிக்கில் ஒரு தங்கம்கூட இல்லை. நீங்கள் சொல்கிற கணக்குப்படி அங்கேயே விட்டிருக்க வேண்டும். விட்டிருந்தால் 2010 அஞ்சலோட்டத் தங்கமும் இல்லை, சோச்சியும் இல்லை.

சரி, 2018. ஜனவரியில் அணியில் இடமில்லை என்றார்கள். ஏப்ரலில் ஓய்வை அறிவித்தார். இதயத் துடிப்பு ஒழுங்காக இல்லை என்பதையும் அப்போது சொன்னார். துடிப்பை அடக்கியே பிழைத்த மனுசனுக்கு இது. இடையில், பிப்ரவரியில், அவர் மனைவி டாரியா டோம்ராச்சேவா பெலாரஸ் அணியோடு அதே ஒலிம்பிக்கில் அஞ்சலோட்டத் தங்கம் எடுத்தார். பிறகு இருவரும் சீன அணிக்குப் பயிற்சி கொடுக்கப் போனார்கள். இதில் பேர் எங்கே கெட்டது? கெட்டது என்று நினைப்பது, தூரத்திலிருந்து பார்க்கிற நாம்தான்.

என் அம்மா பென்சன் எடுத்த பிறகும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போனார். விடிய ஐந்து மணிக்குப் படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, நெற்றியில் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். அந்தக் கயிறு அழுத்திய தடம் ஞாயிற்றுக்கிழமையும் நெற்றியில் இருக்கும். இதை அந்த நோர்வேக்காரரோடு ஒப்பிடமாட்டேன். அவர் ஆசையில் போனார், அம்மா கடன் கட்டப் போனார். ஆனால் ஒரு நாள், "போதும், இனி வீட்டில் இருங்கம்மா" என்று நான் சொன்னதற்கு, "நீ யாருடா எனக்கு வேலையிலிருந்து பேர் வெட்ட?" என்று கேட்டார். உங்கள் கடிதத்தைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது.

அப்புறம், உங்களிடம் ஒரு கேள்வி. 22 வயதில் நீங்கள் நேரம் பார்த்து விட்டீர்களா, இல்லை கடையில் லீவு கிடைக்காமல் விட்டீர்களா? இரண்டும் ஒன்றல்ல. தீபாவளிக்கு ஊருக்கு வந்தால் சொல்லுங்கள். விடியற்காலை றோட்டில் 1500 மீட்டர் ஓடிக் காட்டுங்கள். நான் ஆட்டோவில் பின்னால் வருகிறேன், எனக்கு முழங்கால் சரியில்லை.