வாழை இலையும் கள்வனா?

கேள்வி: படலைக்கு மேலே கமரா பூட்டி, பழைய கணினியில் பதிவு மென்பொருள் போட்டிருக்கிறேன். அசைவு கண்டால் மட்டும் பதியும்படி வைத்தும், விடியும்போது 200 துண்டுகள் கிடக்கின்றன. எல்லாவற்றிலும் வாழை இலைதான்! வாழையை வெட்டிவிடவா?
– வாசகர், கொக்குவில்

பதில்: பாவம், வாழையை விடுங்கள். அசைவது இலையா ஆளா என்று பல மென்பொருள்கள் பார்ப்பதில்லை. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் எத்தனை புள்ளிகள் மாறின என்றுதான் கணக்கிடுகின்றன. அமைப்புகளில் அசைவுப் பகுதியைத் திறந்து, வாழை நிற்கும் மூலையை மறைத்துவிடுங்கள். படலையும் நடைபாதையும் மிஞ்சினால் போதும். பிறகுதான் உணர்திறனில் கை வையுங்கள். முதலிலேயே அதைக் குறைத்துவிட்டு, ஆள் வந்தது பதியவில்லை என்று என்னிடம் முறையிட்டவர்கள் உண்டு.

அசைவுக்கு முந்திய 5 விநாடியையும் சேர்த்துப் பதிய வையுங்கள். இல்லையேல் வந்தவரின் முகம் தப்பி, முதுகுதான் அகப்படும்.

என் வீட்டுக் கமராவில் மூன்று இரவுகள் வெள்ளைப் பூதம் ஒன்று ஆடியது. ஏணி வைத்து ஏறினால், கண்ணாடிக்கு முன்னால் சிலந்தி! இருட்டில் பார்ப்பதற்காகக் கமரா வீசும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி வலையில் பட்டுத் தெறித்திருக்கிறது. துணியால் துடைத்தேன், பூதம் போய்விட்டது.

காலையில் துண்டுகளை ஒவ்வொன்றாகத் திறக்காமல், சிறுபடங்களாக விரித்துக் கண்ணோட்டுங்கள். கணினியின் கடிகாரத்தையும் பாருங்கள். உள்ளே இருக்கும் சிறு பற்றரி செத்திருந்தால், மின்வெட்டுக்குப் பின் திகதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும்.