கேபிள் இருந்த வீடு

கேள்வி: புதிதாக வந்த ஒரு காதல் நாவலைத் தோழி பரிசாகக் கொடுத்தாள். கதை எங்கள் வட சென்னையில்தான் நடக்கிறது. எம்.சி. ரோடு துணிக்கடையில் சந்திக்கும் இருவர், சின்ன வயதில் பார்த்த 'சக்திமான்', 'விடாது கருப்பு' டிவி தொடர்களைப் பற்றிப் பேசிப் பேசியே நெருங்குகிறார்கள். அவன் ஒரு பெயரைச் சொன்னால் அவள் "ஆமா, நானும்!" என்கிறாள். மூன்று அத்தியாயம் படித்ததற்கே கண் கலங்கிவிட்டது. எனக்குப் பிடித்தது நாவலா, என் சின்ன வயதா என்று இப்போது சந்தேகம். "எப்படி இருக்கு?" என்று தோழி தினமும் கேட்கிறாள். என்ன சொல்வது?
— வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் சந்தேகம் நியாயமானது. 'விடாது கருப்பு' என்று சொன்னாலே அந்த இருட்டும் குதிரைச் சத்தமும் நமக்கு வந்துவிடும். நாவல் எழுதுகிறவர் தொடரின் பெயரை மட்டும் எழுதினால் போதும், மீதியை நம் ஞாபகம் பார்த்துக்கொள்ளும். உங்கள் கண்ணீரில் பாதி உங்களுடையதுதான்.

மீதிப் பாதி நாவலுடையதா என்று பார்க்க வழி இருக்கிறது. 1997-ல் தொடங்கிய 'சக்திமான்' தூர்தர்ஷனில் வந்தது. டிவியும் மாடியில் ஒரு ஆன்டெனாவும் இருந்தால் போதும். 'விடாது கருப்பு' சன் டிவியில் வந்தது. அதற்கு கேபிள் வேண்டும், மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். வண்ணாரப்பேட்டை, காசிமேடு, கொருக்குப்பேட்டை ஒண்டுக்குடித்தனங்களில் கேபிள் இருந்த வீடு எது என்று தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். அந்த வீட்டுப் பையன் கட்டிலில் சாய்ந்துகொண்டு பார்ப்பான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தரையில். இடம் கிடைக்காதவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தால் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள், கதை எந்த இடத்தில் இருந்தாலும் சரி.

கட்டிலில் இருந்தவனுக்கும் ஜன்னலில் நின்றவளுக்கும் அந்தத் தொடர் ஒரே ஞாபகமாக இருக்குமா? உங்கள் நாவலில் அந்த இருவரும் யார் வீட்டில், எங்கே உட்கார்ந்து பார்த்தார்கள்? "ஆமா, நானும்!" என்று காதல் தொடங்கலாம், தப்பே இல்லை. ஆனால் அதற்குமேல் போக வேண்டும். "எங்க வீட்டுல டிவியே இல்ல" என்று இருவரில் ஒருவர் சொல்லும் இடம் வருகிறதா, அதைக் கேட்டு மற்றவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அப்படி ஒரு இடம் வந்துவிட்டால் கடைசிப் பக்கம் வரை தைரியமாகப் படிக்கலாம். அது வராமல் அடுத்து 'சித்தி', அதற்கடுத்து இன்னொன்று என்று பெயர்களாகவே நீண்டால் மூடி வைத்துவிடுங்கள். பரிசாக வந்த புத்தகம் என்பதற்காக முடித்தே தீர வேண்டும் என்றில்லை.

தோழியிடம் உண்மையையே சொல்லுங்கள்: "மூணு அத்தியாயம்தான் ஆச்சு, ஆனா அழுதுட்டேன்." தேடி வாங்கிக் கொடுத்தவருக்கு அதைவிட என்ன வேண்டும்? அழுத பக்கத்தையும் காட்டுங்கள். நாவல் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதை முடித்த பிறகு சொன்னால் போதும்.