டென்னிஸ் ஆடும் மகள் தூங்குவதில்லை, மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி: பெங்களூரு லிங்கராஜபுரத்தில் இருக்கிறோம். என் மகளுக்கு 20 வயது, தொழில்முறை டென்னிஸ் ஆடுகிறாள். அவள் அப்பாதான் பயிற்சியாளர், மேனேஜர் எல்லாம். அதற்காகவே வேலையை விட்டார், வீட்டின் மேல் கடனும் வாங்கியிருக்கிறோம். மூன்று மாதமாக அவள் விடியும்வரை தூங்குவதில்லை. காலையில் கோர்ட்டுக்குக் கிளம்பும்போது வாந்தி எடுக்கிறாள். தோழிகளோடு பேச்சே இல்லை. “எனக்கு எதுவுமே வேண்டாம்மா” என்கிறாள். அவள் அப்பாவுக்கோ இது திமிர், சோம்பல். மனநல மருத்துவரிடம் போனால் மாத்திரை தருவார்கள், ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிக்கொள்வாள் என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: அம்மா, மற்றதையெல்லாம் பேசுவதற்கு முன் இன்றைக்கே மகளிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள். “எதுவுமே வேண்டாம் என்கிறாயே, உயிரோடு இருப்பதுகூட வேண்டாம் என்று தோன்றுகிறதா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. ஒருவராவது கேட்டாரே என்று பலருக்கு ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ அவளைத் தனியே விடாதீர்கள். ஓசூர் சாலையில் உள்ள நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் அவசரப் பிரிவு இரவு பகல் எந்நேரமும் உண்டு. போவதா வேண்டாமா என்று குழப்பமாக இருந்தால் 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

அடுத்து, இது திமிரா நோயா என்பது. மனம் சோர்ந்து, எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு இரண்டு வாரம் தொடர்ந்தாலே மருத்துவர்கள் மனச்சோர்வு நோயா என்று பார்ப்பார்கள். உங்கள் மகளுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. கோர்ட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் மட்டும் வரும் வாந்தியைப் பார்த்தால் கடும் பதற்றமும் கூட இருக்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் பார்க்காமல் நான் நோய்க்குப் பெயர் வைக்கக் கூடாது. விளையாட்டு வீரர்களிடம் உடம்பின் கோளாறு மனச்சோர்வு போலவே வேஷம் போடுவதும் உண்டு. தைராய்டு, ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, பி12 எல்லாவற்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேளுங்கள். ஆடும் அளவுக்குச் சாப்பாடு போதாதபோது மாதவிலக்கு தள்ளிப்போகும், எலும்பு பலமிழக்கும், மனநிலையும் சரியும். பல பெண்கள் இதை ஆண் பயிற்சியாளரிடம் சொல்வதில்லை. அந்தப் பயிற்சியாளர் அப்பாவாகவும் இருந்துவிட்டால் சொல்லவே மாட்டார்கள்.

மாத்திரை பற்றி உங்கள் கணவர் சொல்வது பெரும்பாலும் தவறு. மனச்சோர்வுக்கு வழக்கமாக முதலில் எழுதப்படும் எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸெடின் மூன்றுமே உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவின் தடைப் பட்டியலில் இல்லை. கவனக்குறைவுக் கோளாறுக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் போன்றவை போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்டவை. அவற்றுக்கு முன்கூட்டியே சிகிச்சை விலக்கு, அதாவது சிகிச்சைக்காக எடுத்துக்கொள்ளும் அனுமதி, வாங்க வேண்டும். பதற்றத்துக்குத் தரும் ப்ரோப்ரனோலால் துப்பாக்கி சுடுதல், வில்வித்தை போன்றவற்றில்தான் பிரச்சினை, டென்னிஸில் இல்லை. எதுவானாலும் முதல் சந்திப்பிலேயே “இவள் ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்பட்ட வீராங்கனை” என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மருந்தின் பெயரை இந்தியாவின் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான நாடாவின் செயலியில் நீங்களே சரிபார்க்கலாம். எனக்கு உண்மையில் பயம் வேறு இடத்தில். தெரிந்தவர் தந்தார் என்று வாங்கும் நரம்பு டானிக், தூக்கப் பொடி, லேபிளில் எல்லாம் எழுதாத சத்து மாவு, இவற்றில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள்.

மாத்திரை ஆரம்பித்தால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். முதல் சில நாள் குமட்டலும் படபடப்பும் வரலாம். 25 வயதுக்குட்பட்டவர்களை ஆரம்ப வாரங்களில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடுவதுண்டு. மருந்தைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. கூடவே பேச்சு சிகிச்சையும் வேண்டும்.

இனி உங்கள் கணவர். அவரைக் குற்றவாளியாக்கி நான் எழுதப்போவதில்லை. மகளுக்காகத் தன் சம்பளத்தை விட்டவர் அவர். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐ.டி.எஃப்.பின் 15,000 டாலர் போட்டியில் பட்டமே வென்றாலும் கைக்கு வருவது இரண்டாயிரத்துச் சொச்சம் டாலர்தான். முதல் சுற்றில் தோற்றால் பயணச் செலவுக்கே காணாது. தரவரிசைப் புள்ளிகளும் 52 வாரத்தில் காலாவதியாகும். அவர் ஓய்வு என்ற சொல்லைக் கேட்டதும் பதறுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தக் கடனின் மாதத் தவணை எவ்வளவு என்பது உங்கள் மகளுக்குப் பைசா சுத்தமாகத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு டபுள் ஃபால்ட்டிலும் அது அவள் கண் முன் வந்து நிற்கும். ஆகவே கடனைப் பற்றி நீங்கள் இருவரும் அவள் காதில் விழாத இடத்தில் உட்கார்ந்து பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வாருங்கள். அப்புறம் “கடன் எங்கள் பொறுப்பு, நீ ஜெயித்து அடைக்க வேண்டியதில்லை” என்பதை அவர் வாயாலேயே அவளிடம் சொல்ல வையுங்கள். நீங்கள் சொன்னால் அவள் நம்பமாட்டாள்.

ஒரு பட்டம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் சொல்லலாம். டென்னிஸ் வீராங்கனை யெலெனா டோகிச் 1999 விம்பிள்டனில், 16 வயதில், உலகின் முதலிடத்தில் இருந்த மார்ட்டினா ஹிங்கிஸை 6-2, 6-0 என்று வீழ்த்தினார். 2002-ல் உலகின் 4-ஆம் இடத்துக்கு வந்தார். தன்னை ஆட்டத்தில் வளர்த்த அப்பாவிடமே அடியும் வசவும் வாங்கியதை அவர் பல வருடம் கழித்துத்தான் சொன்னார். உங்கள் கணவர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. தரவரிசை ஏறுவதை வைத்துப் பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று முடிவு கட்ட முடியாது என்பதற்காகத்தான் சொல்கிறேன். துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ராவும் 2008-ல் ஒலிம்பிக் தங்கம் வென்ற பிறகு தன்னை வாட்டிய மனச்சோர்வைப் பற்றிப் பேசியிருக்கிறார்.

அப்பாவும் பயிற்சியாளரும் ஒரே ஆளாக இருப்பதுதான் இங்கே பெரிய சிக்கல். கோர்ட்டில் திட்டிய ஆளே சாப்பாட்டு மேசையிலும் எதிரே உட்கார்ந்திருந்தால் அவள் எங்கே போய் அழுவாள்? சிகிச்சை நடக்கும் வரையிலாவது பயிற்சியை வேறொருவரிடம் ஒப்படையுங்கள். வீட்டுக்குள்ளும் காருக்குள்ளும் டென்னிஸ் பேச்சு வேண்டாம். தோற்ற பிறகு அப்பா காக்கும் மௌனமும் இதில் அடக்கம், திட்டைவிட அது அதிகம் வலிக்கும். அவரையும் ஒருமுறை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். தமிழில் பேசக்கூடியவராகப் பாருங்கள், மனதிலுள்ள பயத்தை அவர் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ சொல்லப்போவதில்லை.

மகளை மருத்துவரிடம் அழைத்துப்போகும்போது “போனால்தான் அடுத்த சீசன் ஆடலாம்” என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் மிகவும் கெஞ்சிக் கேட்பது இதைத்தான். அப்படிச் சொன்னால் குணமாவதும் அவளுக்கு இன்னொரு போட்டியாகிவிடும். ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் டோக்கியோ ஒலிம்பிக்கில் பல போட்டிகளில் இருந்து விலகி, 2024-ல் பாரிஸில் மூன்று தங்கத்தோடு திரும்பிய கதையைச் சொந்தக்காரர்கள் கொண்டுவருவார்கள். உண்மைதான், ஆனால் இப்போது அவளுக்கு அது வேண்டாம். அவள் ஆட்டத்துக்குத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். இதே ஊரில் வளர்ந்த தீபிகா படுகோன், ஆல் இங்கிலாந்து பட்டம் வென்ற பிரகாஷ் படுகோனின் மகள். தேசிய அளவில் பாட்மிண்டன் ஆடியவர், பள்ளி வயதிலேயே அதை விட்டுவிட்டார். பின்னாளில் 2014-ல் அவருக்கு மனச்சோர்வு வந்தபோது, ஏதோ சரியில்லை என்று கண்டுகொண்டது அவருடைய அம்மாதான்.

அவளுக்கு 20 வயது ஆகிவிட்டதால் மருத்துவரிடம் தனியாகப் பேச அவளுக்கு உரிமை உண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி அவள் பேசியது ரகசியமாகவே இருக்கும், உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவள் வரச் சம்மதிக்க வாய்ப்பு அதிகம்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அடுத்து எந்தெந்தப் போட்டிகளுக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள் என்று பாருங்கள். ஆட மனமில்லை என்றால் கெடுவுக்குள் விலகிவிடட்டும், தாமதமானால் அபராதம் வரும். மருத்துவச் சான்றிதழையும் வாங்கி வையுங்கள். விலகும் மின்னஞ்சலை அப்பாவோ நீங்களோ அனுப்ப வேண்டாம், அவளே எழுதி அனுப்பட்டும்.